மலைமேல் ஒரு பழஞ்சமவெளி: காவிரி நாட்டின் நெடுவரலாறு

தஞ்சைத் தரணியின் நன்செய் வயலில் உழுபவனின் கொழுமுனையில் கல் இடறுவது அரிது. திருவையாற்றிலிருந்து கடற்கரை வரை வண்டலும் களியும் மணலுமே நிலமாக விரிந்து கிடக்கின்றன. கி.பி. 1010இல் முதலாம் இராசராசன் நிறைவுசெய்த பெருவுடையார் கோயிலுக்கு வேண்டிய கருங்கற்கள் அனைத்தும் இவ்வண்டல் நாட்டிற்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அக்கோயில் தட்சிணமேரு என்று பெயர் பெற்றது. மலையே இல்லாத நாட்டில் எழுப்பப்பட்ட திருக்கற்றளிக்கு மலையின் பெயர் வாய்த்தது பொருத்தமேயாகும்.

ஆயின், மலை இல்லாத நாடு என்று தஞ்சையைச் சொல்வது ஒரு வகையில் பிழையாகும். இந்நாட்டின் ஒவ்வொரு கைப்பிடி மண்ணும் ஒரு காலத்தில் மலையாக நின்றதே. குடகிலும் நீலகிரியிலும் சேர்வராயனிலும் கொல்லியிலும் வெயிலாலும் மழையாலும் நைந்து உதிர்ந்த பாறையே காவிரியின் வழியே வந்து மருத நிலமாயிற்று. எனவே மருதத்தின் வரலாறு குறிஞ்சியில் தொடங்குகிறது. காவிரி நாட்டு வரலாற்றைக் கரிகாலனிலிருந்தும் கல்லணையிலிருந்தும் தொடங்குவது தமிழறிஞரிடையே வழக்கம். அவ்வரலாற்றுக்கு முன்னுரையாக அமையத்தக்க மற்றொரு நெடுவரலாறு மலையுச்சிகளில் எழுதப்பட்டுள்ளது. அதனைப் படிக்கும் முறையும், அதில் அறிஞர்கள் கொண்ட கருத்து வேறுபாடும், அது இன்றைய தஞ்சைக்குச் சொல்லும் செய்தியும் ஈண்டு நோக்கத்தக்கன.

புராணம் கண்ட ஏற்றத்தாழ்வு

நிலம் அசையாதது என்ற எண்ணம் பழந்தமிழ்ப் புராணங்களுக்கு உடன்பாடன்று. சிவபெருமானின் திருமணத்தைக் காண யாவரும் கயிலையில் கூட, பாரம் தாங்காமல் வடபால் தாழ்ந்தது, தென்பால் உயர்ந்தது. நிலத்தைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார். வரும் வழியில், செருக்குற்று வளர்ந்து நின்ற விந்தமலையை அடக்கினார். அவருடைய கமண்டலத்து நீரே காவிரியாகப் பெருகியது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் இம்மூன்று செய்திகளும் இடம்பெறுகின்றன. காவிரி கமண்டலத்திலிருந்து வந்த செய்தியை மணிமேகலைப் பதிகமும் கூறுகிறது.

மலை வளர்தல், நிலம் தாழ்தல், ஆறு பிறத்தல் ஆகிய மூன்றும் ஒரே முனிவரின் கதையில் பின்னப்பட்டிருப்பது வியப்பிற்குரியது. எனினும் இக்கதையை நிலவியல் சான்றாகக் கொள்ளுதல் தகாது. மனித இனமே தோன்றாத காலத்து நிகழ்ச்சிகளை எந்தப் புலவனும் கண்டு பாடியிருக்க இயலாது. கதையில் உள்ளது கண்ட செய்தியன்று, கருதிய எண்ணம். பாரம் கூடினால் நிலம் தாழும், பாரம் குறைந்தால் நிலம் எழும் என்பதே அவ்வெண்ணம். அந்த எண்ணத்தின் அருமை பின்னர்ப் புலப்படும்.

தேய்ந்த தளம் என்னும் சான்று

மலை எழுந்ததை எவ்வாறு அறிவது? கடலடியில் படிந்த பாறை மலையில் கிடைத்தால் அது சான்றாகும். இமயத்தில் அத்தகைய சான்றுகள் மிகுதி. ஆனால் தென்னாட்டு மலைகளோ பெரும்பாலும் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான மிகப் பழைய பாறைகளால் ஆனவை. பல்லாவரத்திலும் பறங்கிமலையிலும் காணப்படும் சார்னோக்கைட் என்னும் பாறையே நீலகிரியிலும் சேர்வராயனிலும் காணப்படுகிறது. இப்பாறைகளில் கடல் எழுதிய எழுத்து இல்லை. ஆகவே பாறையை விடுத்துப் பாறையின் மேற்பரப்பைப் படிக்கும் முறை ஒன்று தேவைப்பட்டது.

அமெரிக்க நிலவியல் அறிஞர் வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1889இல் அதற்கு வழி காட்டினார். அப்பலேச்சிய மலைத்தொடரின் முகடுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பதை அவர் உற்று நோக்கினார். மழையும் ஆறும் நெடுங்காலம் அரித்தால் எந்த மலையும் கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியாகத் தேய்ந்துபோகும். பின்னர் அந்நிலம் உயர்ந்தால் ஆறுகள் மீண்டும் விசை பெற்று அதனை வெட்டும். வெட்டப்படாமல் எஞ்சிய உச்சிகள் பழைய சமவெளியின் துண்டுகளாக நிற்கும். அவ்வுச்சிகளை மனத்தால் இணைத்தால் மறைந்த சமவெளி மீண்டும் தோன்றும். மலைச்சரிவுகள் பின்வாங்குவதாலும் சமதளம் உண்டாகும் என்று ஜெர்மனியின் வால்தர் பெங்க்கும் தென்னாப்பிரிக்காவின் லெஸ்டர் கிங்கும் பின்னர் டேவிஸைத் திருத்தினர். ஆயினும், உயரத்தில் கிடக்கும் பழைய தேய்தளம் நிலத்தின் அசைவுக்குச் சான்று என்ற அடிப்படை நிலைத்தது.

இச்சான்றைப் பயன்படுத்துவோர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதலாவது, அது உண்மையிலேயே தேய்ந்த தளமா என்பது. வன்மையும் மென்மையுமான பலவகைப் பாறைகளையும், சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும் அடுக்குகளையும் ஒரே மட்டத்தில் இழைத்தது போல் வெட்டிச் செல்வதாயின் அது தேய்ந்த தளமே. இரண்டாவது, அதன் வயது என்ன என்பது. அதன்மேல் படிந்த மண்ணோ எரிமலைக் குழம்போ வயது தெரிந்ததாயின், தளம் அதனினும் மூத்தது என்று துணியலாம். மூன்றாவது, அதன் இன்றைய உயரமும் சாய்வும் முறிவும் யாவை என்பது. சமமாக இருந்த தளம் இன்று சாய்ந்திருந்தால் நிலம் சாய்ந்தது. ஓரிடத்தில் அறுபட்டு ஒருபுறம் மேலும் மறுபுறம் கீழுமாக நின்றால் அங்கே நிலம் பிளந்து பெயர்ந்தது. நடு ஆசியாவில் கிர்கிஸ்தானத்துத் தியான்சான் மலைகளில் இத்தகைய தளம் ஒன்று பல முகடுகளின் முதுகில் இன்னும் அழியாமல் வளைந்து கிடக்கிறது. அதன் வளைவையும் முறிவையும் அளந்தே அம்மலைகள் அண்மைக் காலத்தில் எழுந்த அளவை அறிஞர்கள் கணித்தனர்.

தமிழறிஞருக்கு இம்முறை அயலானதன்று. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டே மூலபாடத்தை மீட்டார். மலையுச்சிகளும் செல்லரித்த ஏடுகளே. எஞ்சிய எழுத்தைக் கொண்டு இழந்த வரியை ஊகிப்பதே இரண்டு துறைக்கும் பொதுவான வேலையாகும்.

சமவெளியிலிருந்து நீலகிரி வரை

தஞ்சையிலிருந்து மேற்கே செல்பவர் இந்த ஏடுகளை ஒவ்வொன்றாகக் காணலாம். திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டை தரையிலிருந்து 83 மீட்டர் உயர்ந்து தனித்து நிற்கிறது. நாமக்கல்லிலும் அத்தகைய தனிக்குன்று உண்டு. தமிழகச் சமவெளியில் இவை தீவுகளைப் போல் பரவிக் கிடக்கின்றன. ஜெர்மானிய நிலவடிவ அறிஞர் யூலியுஸ் பூடெல் இச்சமவெளியை ஆராய்ந்து 1965இல் எழுதினார். வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் நிலம் இரண்டு தளங்களில் தேய்கிறது என்பது அவர் கொள்கை. மேலே மழைநீர் மண்ணைக் கழுவிச் செல்கிறது; கீழே பல மீட்டர் ஆழத்தில், கசிந்து இறங்கிய நீர் பாறையை உளுக்கச் செய்கிறது. உளுத்த மண் கழுவப்பட்டதும், உளுக்காத கடும்பாறை குன்றாக வெளிப்படுகிறது. மலைக்கோட்டை புதிதாக எழுந்ததன்று. சுற்றியிருந்த நிலம் தாழ்ந்தமையால் தோன்றியது. உயர்ந்து நிற்பதெல்லாம் எழுந்தது என்று கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையை முதற்படியிலேயே அது வழங்குகிறது.

அடுத்து நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் மலை அது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறியவர் கூர்மையான சிகரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமடைவர். அங்கே ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அலையலையாக விரிந்த மேட்டுநிலமும் அதில் நெல்வயல்களும் உள்ளன. குறிஞ்சியின் தலையில் மருதத்தின் சாயல் அமர்ந்திருக்கிறது. மேட்டில் நிதானமாக ஓடும் ஐயாறு, ஓரத்தை அடைந்ததும் ஆகாயகங்கையாகப் பாய்ந்து இறங்கிப் பின் திருச்சிப் பக்கத்தில் காவிரியைச் சேர்கிறது. மேலே முதுமையின் நிதானமும் ஓரத்தில் இளமையின் வேகமும் கொண்ட ஆறு, உயரத்தில் எஞ்சிய பழந்தளத்தின் அடையாளமாகும்.

வடக்கே சேர்வராயன் மலையில் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே நீலகிரியில் உதகமண்டலம் 2,240 மீட்டர் அளவிலும், தொட்டபெட்டா 2,637 மீட்டரிலும் உள்ளன. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகள் அங்கே கடல் அலை உறைந்தது போல் ஏறி இறங்கிக் கிடக்கின்றன. அகன்ற, ஆழமற்ற பள்ளத்தாக்குகளில் ஓடைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. அந்த ஓடைகளே பைக்காராவில் விழுந்து, பின்னர் மோயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தில் இறங்குகின்றன.

இவ்வுச்சிகளை இணைக்கும் மற்றொரு சான்று பாக்சைட் ஆகும். வெப்ப நாட்டில் மிக நீண்ட காலம் பாறை உளுத்து, கரைவன யாவும் கரைந்து, அலுமினியம் மிகுந்த கடினத் தோடாக எஞ்சுவதே பாக்சைட். சரிவான மலைப்பக்கத்தில் அது உருவாகாது. உருவாகும் முன்னரே மண் வழிந்துவிடும். தேய்ந்து சமமான தளமும் நெடிய அமைதியும் அதற்கு வேண்டும். நீலகிரி, பழனி, சேர்வராயன், கொல்லி ஆகிய மலைகளின் தலையில் அத்தோடு காணப்படுவதால், அவை ஒரு காலத்தில் அமைதியான சமநிலமாய் இருந்தன என்று துணியலாம். 20ஆம் நூற்றாண்டில் மேட்டூரில் அமைந்த அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயனிலும் கொல்லியிலும் இத்தோடு வெட்டியெடுக்கப்பட்டது. உலோகத்துக்கு விலை உண்டு. வெட்டிய இடத்தில் அந்த ஏட்டின் எழுத்து மீளாது என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஒரு தளமா, பல தளங்களா?

நீலகிரியின் தளம் 2,000 மீட்டருக்கு மேல். அதனை அடுத்த மைசூர் மேட்டுநிலம் ஏறத்தாழ 900 மீட்டர். தமிழகச் சமவெளி அதனினும் மிகத் தாழ்ந்தது. இப்படிகள் எவ்வாறு வந்தன? ஒரே தரை பிளவுகளால் துண்டுபட்டு வெவ்வேறு உயரத்துக்கு ஏறியிருக்கலாம். அல்லது நிலம் விட்டு விட்டு உயர்ந்தபோது, காலந்தோறும் புதிய தளம் பழையதன் கீழே செதுக்கப்பட்டிருக்கலாம். முன்னது முறிந்த ஒரு தரை. பின்னது கட்டிய படிக்கட்டு. இரண்டும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒரே செய்யுளின் பாடவேறுபாடுகளா, வெவ்வேறு செய்யுள்களா என்று பதிப்பாசிரியர் திகைக்கும் இடத்திற்கு இது நிகரானது.

இந்திய நிலவியல் கழகத்தை வளர்த்த பி.பி. இராதாகிருஷ்ணா 1993இல் ஒரு கட்டுரையில், தீபகற்பத்தின் இன்றைய உயரமும் அருவிகளும் ஆழ்ந்த பள்ளங்களும் நிலவியல் கணக்கில் அண்மைக்காலத்தில், கடந்த 2.3 கோடி ஆண்டுகளுக்குள், நிலம் புத்துயிர் பெற்று எழுந்தமையின் விளைவு என்று வாதிட்டார். புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு தென்னிந்தியாவை ஆராய்ந்த யானி குன்னெல், மேற்குத் தொடர்ச்சிமலையின் பெருஞ்சரிவு மிகப் பழமையானது என்ற கருத்தின் பக்கம் நின்றார். சகியாத்திரி பற்றிய பெருந்தொகுதியை இவ்விருவரும் சேர்ந்தே பதிப்பித்து 2001இல் வெளியிட்டனர். மாற்றுக் கருத்துடையோர் ஒரே நூலுக்குப் பதிப்பாசிரியராய் அமைந்த இச்செயல் இலக்கிய உலகமும் கண்டு மகிழத்தக்கது.

வழக்கைத் தீர்க்கக் காலக்கணிதம் தேவைப்பட்டது. அப்படைட் என்னும் கனிமத்தில் உள்ள யுரேனியம் பிளவுறும்போது நுண்ணிய தழும்புகள் பதிகின்றன. ஏறத்தாழ 110 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அவை மறைந்துவிடும். பாறை குளிர்ந்தால் நிலைக்கும். நிலத்தடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை எப்போது மேற்பரப்பை நெருங்கியது என்பதைத் தழும்புகளை எண்ணி அறியலாம். மற்றொரு வழி, தேய்தளத்தின் தோட்டில் உண்டான மாங்கனீசுக் கனிமங்களின் வயதைக் காண்பது. 2016இல் வெளியான ஆய்வொன்று, கோவாவின் தாழ்நிலத்தில் அத்தகைய தோடு ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகியிருந்தது என்று காட்டியது. மலையடிவாரத்துத் தாழ்நிலம் அவ்வளவு பழையதாயின், அதன் பின்னால் நிற்கும் மலைச்சுவர் அதற்கு முன்னரே நின்றிருக்க வேண்டும். ஆகவே பெருஞ்சரிவு முழுவதும் அண்மையில் எழுந்தது என்ற கருத்து வலுவிழந்தது.

அப்படியாயின் மலை இறந்துவிட்டதா? இல்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறி இறங்கியவருக்கு விளக்கம் எளிது. ஆட்கள் இறங்க இறங்கப் பரிசல் நீரில் மெல்ல மேலெழும். நிலத்தின் மேலோடும் அடியிலுள்ள அடர்ந்த பொருளின்மேல் மிதப்பது போன்றதே. மலையிலிருந்து மண் நீங்க நீங்க, பாரம் குறைந்து மலை மெல்ல எழுகிறது. அம்மண் சேரும் கடற்கரையில் பாரம் கூடி நிலம் மெல்ல அமிழ்கிறது. அகத்தியர் கதையின் எண்ணம் இங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. மலையும் கழிமுகமும் ஒரு தராசின் இரு தட்டுகள். மலையுச்சிச் சமவெளி அத்தராசின் முள்.

அந்த முள்ளும் முழுத் துல்லியமானதன்று. கோயில் திருப்பணியின்போது பழைய கல்வெட்டைப் புதிய சுவரில் படியெடுத்து, இது பழங்கற்படி என்று குறிப்பது சோழர்கால வழக்கம். உச்சியிலுள்ள தளமும் பல இடங்களில் மூலக்கல் அன்று, அதன் படியே. தோடு காவாத இடங்களில் அது நெடுங்காலம் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே வந்துள்ளது. இதனை உணராமல் இன்றைய உயரத்தை அப்படியே எழுச்சியின் அளவாகக் கொள்வது பிழையாகும்.

பிளவுகளும் ஆறும்

எழுச்சி எங்கும் ஒரே சீராக நிகழவில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பழைய தையல் ஒன்று தென்னாட்டின் பாறையில் உள்ளது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்துண்டங்கள் உராய்ந்து இணைந்த இடம் அது. மோயாறும் பவானியும் ஓடும் பள்ளங்கள் நீலகிரியின் இரு பக்கங்களிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய தையல் நலிந்த இடமாதலின், பின்வந்த அசைவுகளும் அங்கேயே வெளிப்பட வாய்ப்பு மிகுதி. மேட்டூருக்குத் தெற்கே இறங்கிவரும் காவிரி, பவானியில் துணையாற்றைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே திரும்பித் திருச்சியை நோக்கிச் செல்வது இத்தையலை ஒட்டியே.

சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து ஏறக்குறைய 98 மீட்டர் விழுகிறது. 1902இல் அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டுக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. முதுமையடைந்த ஆற்றில் இவ்வளவு பெரிய அருவி நிற்பது, கீழ்நிலத்துக்கும் மேல்நிலத்துக்கும் இடையே கணக்கு இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுகிறது. பாறையின் வன்மையும் அருவியை நிறுத்தும் ஆதலின், அருவி ஒன்றைக் கொண்டே பிளவை முடிவு செய்தல் கூடாது. எனினும் இமயமலை ஆய்வில் புகழ்பெற்ற கே.எஸ். வல்தியா, தம்முடன் ஆய்ந்தவரோடு 2000இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு சான்றைத் தந்தார். மைசூர் மேட்டுநிலத்தில் காவிரியையும் அதன் துணையாறுகளையும் ஒட்டிக் கிடக்கும் களிமண் படிவுகள் மறைந்துபோன பெரிய ஏரிகளுடையவை என்றும், பிளவுகளை ஒட்டி நிலம் குறுக்கே எழுந்து ஆற்றைத் தடுத்தமையால் அவ்வேரிகள் தோன்றின என்றும் அவர் விளக்கினார். தேய்தளம் கோடி ஆண்டுக் கணக்கைத் தருகிறது. ஏரிக் களிமண் ஆயிரம் ஆண்டுக் கணக்கைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலே பழைய எழுச்சியையும் புதிய அசைவையும் பிரித்தறிய முடியும்.

1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம், அசையாதது என்று கருதப்பட்ட நிலம் அசையும் என்பதை உணர்த்தியது. 1993இல் மகாராட்டிரத்தின் கில்லாரியிலும், 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் அதே உண்மை மீண்டும் வெளிப்பட்டது.

வயலுக்கடியில் மலை

இவ்வளவும் தொலைவிலுள்ள மலைகளின் செய்தி என்று தஞ்சையார் எண்ணலாகாது. திருச்சிக்கு வடகிழக்கே ஊட்டத்தூர், காரை, அரியலூர் ஆகிய இடங்களில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை கடல் இருந்த தடயமாகச் சிப்பிகளும் சுருள்வடிவக் கடலுயிர்களும் கல்லாகிக் கிடக்கின்றன. எச்.எஃப். பிளான்போர்டு 1862இல் இவற்றை முறையாக விவரித்தார். இக்கடற்படிவுகள் மேற்கு ஓரத்தில் பழைய பாறையின்மேல் படிந்துள்ளன. படிவு கரைந்து நீங்கும் இடத்தில், அக்கடல் வருவதற்கு முன்னிருந்த தரை மீண்டும் ஒளியைக் காண்கிறது. வயது ஐயமற்றுத் தெரியும் பழந்தளம் அதுவே.

கிழக்கே செல்லச் செல்ல அத்தரை ஆழத்தில் இறங்குகிறது. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்த காலத்தில், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதி பல துண்டுகளாக முறிந்து சில தாழ்ந்தன, சில நின்றன. எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள், வயல்களுக்கடியில் முகடுகளும் பள்ளங்களும் மாறி மாறி இருப்பதைக் கண்டனர். கும்பகோணம்–மாதானம் முகடு, காரைக்கால் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். இடையிலுள்ள பள்ளங்களில் படிவின் கனம் சில இடங்களில் ஐந்து கிலோமீட்டரையும் எட்டுகிறது. குடந்தையின் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் மன்னார்குடியின் நெல்வயலுக்கும் அடியில் மலைத்தொடர்கள் புதைந்துள்ளன. தட்டையான தஞ்சை, முறிந்த தரையின்மேல் காவிரி விரித்த பாய் எனலாம்.

அப்பாயின் மேற்கு விளிம்பில் வல்லத்துச் செம்மண் மேடு நிற்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் திருவக்கரைக் கல்மரங்களையும் தாங்கிய மணற்கல் வகையைச் சார்ந்த பழைய படிவு அது. அதன் மேற்பகுதி செம்புறாங்கல்லாக இறுகியுள்ளது. ஒரு காலத்தில் ஆறுகள் படியவைத்த தாழ்நிலமே இன்று வண்டல் வயலுக்கு மேலே மேடாக நிற்கிறது. மேட்டூர் அணையோடு 1934இல் அமைந்த கல்லணைக் கால்வாய், மக்கள் வழக்கில் புது ஆறு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கு நீர் கொண்டு செல்லும் வரை, பழைய ஆறுகளின் பாசனம் அம்மேட்டுப் புறத்தை எட்டவில்லை. நிலத்தின் உயரத்தில் தோன்றிய சிறு வேறுபாடு உழவரின் வாழ்வையே இரு வகையாகப் பிரித்து வைத்திருந்தது என்பது வரலாற்று மாணவர் கருதத்தக்கது.

ஒரு தாளின் கனம்

தென்னாட்டு உள்மேட்டுநிலங்கள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து மீட்டர் அளவே தேய்கின்றன என்பது அண்மைக்கால ஆய்வுகளின் முடிவு. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் காலத்திற்குள் அந்நிலம் இழப்பது, அதன் மலர் அச்சாகும் ஒரு தாளின் கனமே. அவ்வளவு மெல்லிய தாள்களை அடுக்கி அடுக்கியே காவிரி தஞ்சையை ஆக்கியது. கடந்த ஏறத்தாழ 7,000 ஆண்டுகளில், உயர்ந்துவந்த கடல் நின்றபின், இன்றைய கழிமுகம் உருப்பெற்றது. அதன்மேல் சங்கப் புலவரின் புகாரும் சோழரின் தலைநகரமும் எழுந்தன.

இத்தாள்களின் வரத்து இன்று தடைபட்டுள்ளது. 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதற்கு மேலும் கீழும் உள்ள அணைகளும் நீரைத் தேக்கும்போது வண்டலையும் தேக்குகின்றன. அணையின்றி மூன்று போகமும் பாசனமும் நினைத்தற்கரியன ஆதலின் அணையைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஆயினும் கணக்கு கணக்கே. எஞ்சிய ஆற்றுமணலும் கட்டடங்களுக்காக அள்ளப்பட்டது. கடலோரத் தட்டு தன் பழைய பாரத்தால் மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்க, அதனை ஈடுசெய்யும் புதுமண் வருவதில்லை, கடல்மட்டமோ உயர்கிறது. தரங்கம்பாடியில் 1306ஆம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. கடல் கொண்ட ஊரைப் பற்றிய மணிமேகலையின் செய்தி, கழிமுகத்து மக்களுக்குப் பழங்கதையாக மட்டும் என்றும் இருந்ததில்லை.

2020இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. நிலத்தின்மேல் நிகழும் தொழிலைச் சட்டம் கட்டுப்படுத்தலாம். நிலத்தை ஆக்கும் வண்டல் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து வரவேண்டும். மருதத்தைக் காக்க விழைவோர் குறிஞ்சியையும் தம் நாட்டின் எல்லைக்குள் வைத்து எண்ண வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் நிலத்தை நானிலமாகப் பகுத்தார். திணைமயக்கத்திற்கும் இடம் தந்தார். கொல்லிமலையின் தலையில் விளையும் நெல்லும், கும்பகோணத்து வயலுக்கடியில் புதைந்த முகடும் அந்த மயக்கத்தின் மிகப் பழைய சான்றுகளாகும். அவற்றை அறிந்த கவிஞர் காவிரியைப் பாடும்போது, நீரோடு அது சுமந்துவந்த மலையும் பாட்டில் இடம்பெறும்.